கோழிக்கு மட்டும் மாற்றிய தண்ணீர்

சாமி,

உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உன் அக்காதான் நிற்க வேண்டும். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மீதியைப் படிக்க உனக்குப் பொறுமை இல்லாமல் போனாலும் இது மட்டும் காதில் விழட்டும் என்று. போனில் சொன்னால் "சரிங்கப்பா, பாத்துக்கலாமுங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அந்தப் பேச்சை நீ என்னிடம்தான் கற்றாய். எனக்கு வேண்டாத சரக்கை விற்க வருகிறவனிடம் நான் அப்படித்தான் பேசுவேன். நீ ஆறு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவன், நம் சீர்களை வீடியோவில் பார்த்ததோடு சரி, அதனால் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, சீர் வைத்த பேழைக்கூடை சுமந்து, அத்தனை சனத்துக்கும் நடுவே நடந்து வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் பக்கம், மறுமுனை அவள் கையில். பொண்டாட்டி வந்தாலும் உன் இடம் உனக்கு உண்டு என்று கூடப்பிறந்தவளுக்கு ஊரறியக் கொடுக்கிற வாக்கு அது. அந்த வாக்கைத்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து உன் சித்தப்பன் மகள் நிவேதாவுக்குக் கொடுக்கப் பார்த்தோம்.

சங்ககிரியிலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அன்று உன் அக்கா காபித் தட்டோடு வந்தாள். இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று உரச, பாதம் வெளியே விலக, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து வந்ததை அவர்கள் பார்த்தார்கள். "புள்ளைக்குக் கால்ல என்னங்க?" என்று சம்பந்தி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. "சின்னதுல கட்டில்ல இருந்து உளுந்துட்டாளுங்க" என்று நான் சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை. நீ அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர்கள் காரில் ஏறின பிறகு, கல்யாணத்தில் நிவேதாவை நிறுத்திவிடலாமா என்று உன்னிடம் கேட்டதும் நான்தான். நீ சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "அக்காவுக்கும் சிரமம் இருக்காதுல்லங்கப்பா." சொத்தைச் சோளத்தை மேலே நல்ல சோளம் பரப்பி விற்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது. அப்படி விற்றவன் நான். அதனால்தான் உடனே தெரிந்தது.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குப் பாதி தெரியும். அக்காவுக்கு இரண்டு மாதமாகத் தெரியும்.

நான் ஆளானது கிளிஞ்சலில். கடற்கரையிலிருந்து வருகிற சிப்பி ஓட்டை மூட்டையாக வாங்கி, டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக ஏற்றிக்கொண்டு, எருமப்பட்டியிலிருந்து பண்ணை பண்ணையாகப் போய் விற்றேன். படிப்பு எட்டோடு நின்றது. ஆனால் கோழியின் எலும்பைப் பற்றி என்னிடம் கேள். முட்டை ஓடு சுண்ணாம்பு. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கோழி முட்டையிடுவதை உடனே நிறுத்தாது. தன் எலும்பைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கும். கொடுத்துக் கொடுத்து ஒருநாள் கூண்டுக்குள் கால் மடிந்து உட்காரும், அப்புறம் எழாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் கிளிஞ்சல் விற்றேன். பிறகு கடை போட்டு, எலும்புக்கு இன்னொன்று வேண்டுமென்று பாஸ்பேட் பொடியும் விற்றேன். ஒருமுறை மலிவாகக் கிடைத்த ஒரு லோடு பாஸ்பேட்டை ஒரு பண்ணைக்காரர் திருப்பி அனுப்பினார். "ஏனுங்க, இதுல புளோரின் எச்சா இருக்குதுங்க. கோழிக்குக் கால் போயிருமுங்க, இந்தப் பொழப்புப் பொழைக்கறதுக்கு மண்ணைக் கொண்டாந்து கொட்டுங்க" என்று கடை வாசலில் நின்று கத்தினார். புளோரின் என்ற சொல்லை நான் கற்றது அன்றுதான். அன்றிலிருந்து லேப் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையும் நான் வாங்கியதில்லை. பார், எனக்குத் தெரிந்திருந்தது.

சொந்தமாகப் பண்ணை போட்ட மூன்றாம் வருஷம் பெரிய வறட்சி. கிணறு அடியில் சேறாகக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் போர் போட்டேன். ரிக் வண்டிக்காரன் அறுநூறில் நிறுத்தலாம் என்றான், நான் விடவில்லை. தொள்ளாயிரம் அடியில் வந்தது பார் தண்ணீர், பாறைக்குள்ளிருந்து, சில்லென்று, கண்ணாடி மாதிரி. சுற்றியிருந்த நாலு காட்டில் விவசாயம் பார்த்தவர்களும் குடத்தோடு வந்தார்கள். யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. "மகராசன், நம்ம வவுத்துல தண்ணி ஊத்துனாரு" என்று அவர்கள் சொல்வதைக் கேட்கக் காலையில் வேண்டுமென்றே மோட்டார் பக்கம் போய் நிற்பேன். அந்த வருஷம் உன் அக்காவுக்கு மூன்று வயது. நீ அம்மா வயிற்றில் இருந்தாய்.

நாலு வருஷம் கழித்து மழை வந்து கிணறு ஊறியது. அப்போது ஷெட்டில் ஒரு தொல்லை. கோழி குடிக்கிற குழாய் முனையெல்லாம் வெள்ளை படிந்து அடைத்தது, முட்டை ஓடு தேறவில்லை. கால்நடை டாக்டர் சொன்னபடி போர்த் தண்ணீர் ஒரு பாட்டில், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். சீட்டு வந்தது. கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், புளோரைடு அதிகம், குடிக்க உதவாது. அந்த வாரமே கிணற்றிலிருந்து ஷெட்டுக்குத் தனிக் குழாய் பதித்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்: "ஏனுங்க, கோழிக்கு ஆகாத தண்ணி புள்ளைங்களுக்கு ஆகுமுங்களா?" நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "கோழிதான் நாசூக்கு. மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது. நாலு காட்டுச் சனம் குடிக்குது, நீ எச்சா எதையாச்சும் சொல்லி ஊரைக் கலைச்சுடாத." கிணற்றில் ஊறியதில் வீட்டுக்கு இரண்டு குடம் எடுத்திருந்தால் ஷெட்டுக்குக் குறைந்திருக்காது. இரண்டே குடம், சாமி. ஆனால் வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் மகராசன் என்ற பேர் போகும். சீட்டை மடித்து ஃபைலில் வைத்தேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து உன்னை நாமக்கல் ஹாஸ்டலில் சேர்த்தேன். உன் அக்காவையும் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, பொட்டைப்பிள்ளைக்கு எதற்கு ஹாஸ்டல் என்றேன். அங்கே உங்களுக்கு ஆற்றுத் தண்ணீர், காலையில் பால், மதியம் முட்டை. இங்கே எருமைப் பால் சொசைட்டிக்குப் போகும். நீ லீவுக்கு வந்தால் மட்டும் ஒரு சொம்பு நிற்கும், உன் அக்காவுக்குப் பாலில்லாத வரக்காப்பி. ஷெட்டில் கீறல் விழுந்த முட்டையெல்லாம் பேக்கரிக்குப் போகும். முட்டைக்காரன் வீட்டுப் பிள்ளை வாரம் ஒரு முட்டை தின்றாளா என்று கேட்டால் என்னால் ஆமென்று சொல்ல முடியாது. அவளுக்குப் புதுப்பல் முளைத்தபோதே மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருந்தது. "பல்லு வெளக்க ஒடம்பு வணங்கறதில்ல" என்று அவளைத் திட்டி, சாம்பலைக் கொடுத்து, ஈறில் ரத்தம் வரும்வரை என் கண் முன்னாலேயே தேய்க்க வைத்திருக்கிறேன். அவள் இன்றைக்கும் வாயைக் கையால் மறைத்துத்தான் சிரிக்கிறாள், நீ பார்த்திருப்பாய். அது வெட்கமல்ல. நான் தேய்க்க வைத்த தேய்ப்பு.

பத்து வயதுக்கு மேல் கால் கோணத் தொடங்கியது. மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்தாள். வளர்கிற வயசு என்றேன். எண்ணெய் போட்டு நீவச் சொன்னேன். தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று அம்மாவிடம் பெரிய யோசனைக்காரன் போலச் சொன்னேன். காய்ச்சினால் கிருமி சாகும், இது கிருமியில்லை. தண்ணீர் வற்ற வற்ற இது இன்னும் கெட்டியாகும். அதுவும் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் சேலத்துக்கு ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவளுக்குப் பத்தொன்பது. படத்தை விளக்கில் மாட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" இரண்டாவது, "பால், முட்டை, கீரை சாப்பிடுமா புள்ள?" மூன்றாவது கேள்வி இல்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: "தண்ணியில இருக்கற நஞ்சு எலும்புல போய் உக்காந்துக்கும். சுண்ணாம்புச் சத்து கொறைஞ்ச ஒடம்புன்னா அதுக்கு இன்னும் சௌகரியம். வளர்ற எலும்பு பாரம் தாங்காம கோணிக்கும். நல்லாச் சாப்பிட்ட புள்ளைக்கு இத்தனை ஆகியிருக்காது. இப்ப கால் கோணலா நிக்கறதால மூட்டுக்குள்ள இருக்கற குருத்தெலும்பு ஒரே பக்கமாத் தேயுது. அது தேஞ்சா திரும்ப வளராதுங்க." ஒரு காலில் ஆபரேஷன் செய்தோம், கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னொன்றுக்கு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அந்த வருஷமே வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் இணைப்பு வாங்கினேன், போர்த் தண்ணீர் தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் மட்டும் என்றேன். குடத்தோடு வந்தவர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். அங்கேயும் பொய்தான். உன் அம்மாவை இப்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறாள், கவனித்தாயா? அவளும் கரைத்துக் கரைத்துக் கொடுத்தவள்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் கடையைப் புது இடத்துக்கு மாற்றினோம். தீவனக் கலவைக் கணக்கெல்லாம் இப்போது உன் அக்காதான் பார்க்கிறாள், எந்தக் கோழிக்கு எத்தனை வாரத்தில் எவ்வளவு சுண்ணாம்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பழைய ஃபைலைப் பிரித்தவள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

"இது நம்ம போர்த் தண்ணிங்களாப்பா?"

"ஆமா, கண்ணு."

"அப்ப எனக்கு ஏழு வயசு."

சீட்டிலிருந்த தேதியை விரலால் தொட்டாள்.

"கோழிக்கு மாத்துனீங்களா?"

"மாத்துனேன்."

"எப்ப?"

"அந்த வாரமே."

அவள் சீட்டை மடித்தாள். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். "பரவால்லீங்கப்பா. நம்ம கோழி ஒண்ணுக்கும் கால் கோணல."

அவள் அழுதிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் சீட்டை ஃபைலிலேயே வைத்துவிட்டு, மக்காச்சோள லாரி வந்துவிட்டது என்று சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள். நிவேதா ஏற்பாடு அவள் காதுக்குப் போனது அதற்கு மறுவாரம். உன் அம்மாதான் சொல்லியிருக்கிறாள். சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லதுங்கப்பா. என்ற நடைக்கு தவில்காரரு தனியாத் தாளம் போடோணும், அந்த மனுசனுக்கு அலைச்சல் மிச்சம்."

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லாமல் சங்ககிரி போனேன். சம்பந்தி லாரிப் பட்டறையில் இருந்தார், வீட்டுக்கு அழைத்துப்போனார். உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். மகள் விழவில்லை, தண்ணீர், இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால் சீட்டு வந்தும் நான் தெரிந்தே கொடுத்த தண்ணீர் என்று.

"அப்ப அன்னைக்குக் கட்டில்னு சொன்னீங்களே?"

"பொய்ங்க."

"அடேயப்பா. பொய்யின்னு ஒத்துக்கற சம்பந்திய இப்பத்தான் பாக்கறனுங்க" என்றார். சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மா கேட்டார்: "எங்க புள்ள அங்க வந்து எந்தத் தண்ணி குடிக்கோணுமுங்க?" ஆற்றுத் தண்ணீர் என்று சொல்லி, புதிதாகச் சோதித்த சீட்டை நீட்டினேன். சம்பந்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "மூட்டைக்குச் சீட்டுக் குடுக்கறாப்புல ஊட்டுக்கும் குடுக்கறீங்க. இதை இருவத்திநாலு வருசம் முந்தி உங்க ஊட்டுலயே காட்டியிருக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு எழுத்தும் தப்பில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. பேசியது சம்பந்தி இல்லை, உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணே. "மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி விசயம் சரிங்க, அது பரம்பரை இல்லைன்னு எனக்குப் புரியுது. ஆனா இணைச்சீருக்கு அண்ணிக்குப் பதிலா வேற ஆளை நிறுத்தலாம்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டாள். யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. நான்தான் என்றேன். "அவரு என்ன சொன்னாருங்க?" என்றாள். உன்னைத்தான் கேட்கிறாள். "அவனையே கேட்டுக்க கண்ணு" என்றேன். "கூடப்பொறந்தவளையே காலைப் பாத்து ஒதுக்குற ஊட்டுல, நாளைக்கு எனக்கு ஒரு நோவுன்னா எங்க நிறுத்துவீங்கன்னு தெரிஞ்சுக்கோணுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல பெண், சாமி. நமக்குத் தகுதிக்கு மேல். அவள் உன்னிடம் கேட்கத்தான் போகிறாள். "அக்காவுக்குச் சிரமம் இருக்காது" என்பதை அவளிடம் சொல்லிப் பார்க்காதே, விலை போகாது.

இந்தக் கடிதத்தை நம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன். என் பேர் போடவில்லை, ஆனாலும் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், பிடிக்கட்டும். கோழித் தண்ணீருக்கு வாங்கிய லேப் சீட்டு அவரவர் ஃபைலிலும் கிடக்கும். எடுத்துப் பார்த்து, வீட்டில் எந்தக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்க்கட்டும். மோட்டார் ரிப்பேர் என்று நான் பொய் சொன்ன நாலு காட்டு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கடிதத்தைக் குழுவில் போடுவதும் உன் அக்காவிடம் கேட்டுத்தான். "போடுங்க. ஆனா என்ற போட்டோவப் போட்டு மாலைகீலை மாட்டிப் போடாதீங்க, நான் உசுரோடதான் இருக்கறேன்" என்றாள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், எந்த ஊரில் இருந்தாலும், முதலில் தண்ணீரைச் சோதி. பாலையும் முட்டையையும் விற்கிறவன் வீட்டில் பிள்ளை தின்ற மீதிதான் விற்பனைக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு சொம்பு, பெண் பிள்ளைக்கு ஒரு சொம்பு. எனக்குத் தெரிந்த அறிவுரை இவ்வளவுதான். இதை நான் எவ்வளவு கொடுத்துக் கற்றேன் என்பது அவள் முழங்காலில் இருக்கிறது. என்னிடமிருந்து ஒன்றும் போகவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இணைச்சீருக்கு நிற்கச் சொல்லி அவளிடம் நேற்று நானே கேட்டேன். கலவை மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "வேண்டாம்னப்ப என்னையக் கேட்டீங்களா? வேணுங்கறப்ப மட்டும் என்னத்துக்குக் கேக்கறீங்க?" என்றாள். பிறகு, "தம்பி வந்து கூப்புடட்டும். போன்ல வேண்டாம். வந்து, என்ற மூஞ்சியப் பாத்துக் கூப்புடட்டும். அப்பறம் நான் வாரனா இல்லையான்னு நான் சொல்றேன்" என்று மிஷினைப் போட்டுவிட்டாள். அவள் சரி என்பாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நிவேதா நிற்க வேண்டாம். மண்டபத்தில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெங்களூரில் பஸ் ஏறு. உனக்கு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டு, ஆனால் அவளைப் பார்த்த பிறகு. ஒருவேளை அவள் சரி என்றால், மண்டப வாசலிலிருந்து மணவறைக்கு அவள் வந்து சேர நேரமாகும். நல்ல நேரம் போகிறது என்று எவனாவது அவசரப்படுத்துவான், அநேகமாக உன் சித்தப்பன். காதில் போட்டுக்கொள்ளாதே. எழுந்து நில், அவள் வரட்டும். வந்து நின்றதும் கூறைச்சேலையின் முனையை உன் பக்கம் கொடுப்பார்கள். மறுமுனை அவள் கையில் இருக்கும். பிடித்துக்கொள். இழுத்துவிடாதே.

அப்பா